பெயர் அச்சிடாத செக் செல்லுமா?

புதுக் கணக்கு தொடங்கியதும் வங்கியில் தந்த செக் புத்தகத்தில் என் பெயர் அச்சிடவில்லை. வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கப் போனால், அந்த செக் செல்லாது என்கிறார் கடைக்காரர். என்ன செய்ய?
– வாசகர், கடியப்பட்டணம்

தாராளமாகச் செல்லும், கவலைப்படாதீர்கள். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கேட்பது எழுத்தில் அமைந்த, நிபந்தனையில்லாத உத்தரவையும் கையெழுத்தையும்தான். பெயரை அச்சிட வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. கணக்கு எண்ணையும் கையெழுத்தையும் வைத்துத்தான் வங்கி பணம் தருகிறது. ஆகவே தாளில் கணக்கு எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘கையெழுத்துப் போட்டவர் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கடைக்காரர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். கையெழுத்தின் கீழே பெயரைத் தெளிவாக எழுதி, பாஸ்புக் முதல் பக்க நகலையும் சேர்த்துக் கொடுங்கள். கணக்கில் பணமில்லாவிட்டால் பெயர் அச்சிட்ட செக்கும் திரும்பத்தான் செய்யும். அப்படித் திரும்பினால் தண்டிக்கும் அச்சட்டத்தின் 138-ஆம் பிரிவு இரண்டுக்கும் ஒன்றே என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் மல்லுக்கு நிற்க வேண்டாம், நெஃப்ட்டில் அனுப்பிவிடுங்கள். 2019 டிசம்பர் முதல் அது விடுமுறை நாளிலும் இரவிலும் இயங்குகிறது. கடனுக்கோ தவணைக்கோ ரத்து செய்த செக் கேட்பவர்கள்தான் பெரும்பாலும் அச்சிட்ட பெயரை வற்புறுத்துவார்கள். அதற்காகப் பெயர் அச்சிட்ட புத்தகம் கேட்டுக் கிளையில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.