இலையை விட்டுவிட்டுப் புழுவை மட்டும் அனுப்பிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. அழகாகத்தான் இருக்கின்றன. பின்னால் இருந்ததெல்லாம் பச்சைப் புகையாகக் கரைந்துபோய், நடுவில் புழு மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கூடவே ஒரே வரி: "இது என்ன புழு?" எந்தச் செடியில் இருந்தது என்று திருப்பிக் கேட்டால், "வேலியோரத்துல ஏதோ ஒரு செடி" என்கிறாய். உருப்பட்ட மாதிரிதான்!

கோபித்துக்கொள்ளாதே. பல புழுக்கள் கிடைத்ததையெல்லாம் தின்பவை அல்ல. ஒரு செடி, மிஞ்சினால் அதன் சொந்தபந்தங்கள், அவ்வளவுதான். எருக்கிலையை மேயும் வரிப்புழு என்றால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியை முதலில் நினைக்கலாம். ஆமணக்கில் முதுகை வளைத்து வளைத்து நடந்தால் காவடிப்புழுவா என்று பார்க்கவேண்டும். இலை தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்தது. அந்த இலையைத்தான் உன் போன் கர்மசிரத்தையாக மங்கலாக்கிக் கொடுத்திருக்கிறது.

நல்லவேளை, கடைசிப் படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப்பூ தப்பித்தவறி விழுந்திருக்கிறது. நந்தியாவட்டை. சித்தி தினமும் பூஜைக்குப் பறிக்கிற பூ, உனக்கு "ஏதோ ஒரு செடி"! இனி படத்தைப் பெரிதாக்கிப் பார். விரல் நீளப் பச்சை உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, அதை ஒட்டிப் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள். வாலில் குட்டையாக ஒரு கொம்பு. தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள், கறுப்பு வளையத்தோடு. அவை கண்ணே அல்ல. தொந்தரவு செய்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தப் பொய்க் கண்களை உப்பிக் காட்டி மிரட்டும். அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் பருந்து அந்துப்பூச்சியின் புழு இது. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரியை.

"ஆப் வேற பேர் சொல்லுச்சே" என்பாய். சொல்லும். ஏதோ அமெரிக்கத் தக்காளிச் செடிப் புழுவின் பெயரைச் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்தப் புழு நம் நாட்டிலேயே கிடையாது. கொம்பும் பச்சையும் பொருந்தியதும் அதற்குப் போதும். ஆப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது சொல்வதை ஒரு யோசனையாக வைத்துக்கொண்டு, அந்தப் பூச்சி இந்த ஊரில் உண்டா, இந்த இலையைத் தின்னுமா என்று நீதான் பார்க்கவேண்டும்.

இன்னொரு தொல்லை, புழு ஒரே உருவத்தில் இருந்து தொலைக்காது. கறிவேப்பிலையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுப்புழுவைப் பார்த்தால் பறவை எச்சம் என்று விட்டுவிடுவாய். அதுவே வளர்ந்து தோலுரித்துப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். உன் நந்தியாவட்டைப் புழுவும் கூட்டுப்புழுவாகுமுன் பழுப்பாகிவிடும். அன்றைக்கு அதைப் படமெடுத்து, "அண்ணா, புதுப்புழு!" என்று கூவாதே.

மேலிருந்து ஒரு படம் போதாது. பக்கவாட்டில் ஒன்று எடு, கால்கள் தெரியவேண்டும். முன்னால் மூன்று ஜோடி நிஜக்கால்கள். வயிற்றடியில் சதைக்கால்கள், அதிகம் போனால் ஐந்து ஜோடி. ஆறு ஜோடியும் அதற்கு மேலும் இருந்தால் அது அந்துப்பூச்சியும் இல்லை, வண்ணத்துப்பூச்சியும் இல்லை. குளவிச் சாதியைச் சேர்ந்த ரம்ப ஈயின் புழு. இலையின் இரண்டு பக்கத்தையும், பூ இருந்தால் பூவையும் தனியாக எடு. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வை. மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியை மட்டும் கையால் திருப்பி வைத்துப் படமெடுக்கிற வேலை வேண்டாம். முருங்கை மரத்தடியில் ஒருமுறை அரித்தவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்துப்பூச்சிகளுக்கு வருகிறேன். டியூப்லைட்டைச் சுற்றும்போது துரத்தாதே. விடியற்காலையில் அதே சுவரைப் பார், பல்லிக்கும் காகத்துக்கும் தப்பியவை அசையாமல் ஒட்டியிருக்கும். இறக்கையைப் பிடித்து விரிக்காதே. செதிள் உதிர்ந்தால் பார்க்கவேண்டிய கோலமும் போய்விடும். அது உட்கார்ந்திருக்கும் தோரணையே ஓர் அடையாளம்.

எல்லாவற்றுக்கும் பெயர் கிடைக்குமா என்றால், கிடைக்காது. நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஹாம்ப்சன் என்ற வெள்ளைக்காரர் இந்தப் பூச்சிகளில் மயங்கிப்போய், பிறகு 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். அதற்குப் பின்னும் பட்டியல் முடிந்தபாடில்லை. சில இனங்களை நுண்ணோக்கியில் வைத்து அறுத்துப் பார்த்துத்தான் பிரிக்கமுடியும். படத்தைப் பார்த்து யார் என்ன சொன்னாலும் ஊகம்தான். ஆகவே குடும்பப் பெயரோடு நின்றால் "தெரியவில்லை" என்று முகம் சுளிக்காதே. "இதுவாகத்தான் இருக்கும்" என்று அடித்துவிடுவதைவிட அது எவ்வளவோ யோக்கியமான பதில்.

நிச்சயமாகத் தெரியவேண்டுமென்றால் வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. காற்றோட்டமான டப்பா, தினமும் அதே செடியின் புது இலை, எச்சத்தைத் தட்டிக் கழுவுதல். சில சமயம் பூச்சிக்குப் பதிலாகச் சின்னக் குளவிகள் வரும். புழுவின் வயிற்றுக்குள் அவை முன்பே குடியேறியிருக்கும். அதையும் படமெடு, அழாதே. வளர்க்கப் பொறுமை இல்லையென்றால் செடியிலேயே விட்டுவிடு. புழு பழுப்பானதும் கீழே இறங்கிச் சருகுக்குள் புகுந்துவிடும். நந்தியாவட்டை அடியில் கொஞ்ச நாள் கூட்டவேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவை. திட்டினால் என் பேரை இழுக்காதே.

அன்புடன்,
அண்ணன்