பழைய சிறு பாரவண்டியும் அதன் பழுதுகளும்

பச்சைமலையின் அடிவாரத்திலுள்ள அரும்பாவூரில் விடியற்காலையில் நின்று பார்ப்போமாயின், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றிய சிறு பாரவண்டிகள் பெரம்பலூரை நோக்கிப் புறப்படுவதைக் காணலாம். இவ்வூர்ச் சிற்பிகள் செதுக்கும் மரச்சிற்பங்களும் இவ்வண்டிகளிலேயே ஊர்விட்டு ஊர் செல்கின்றன. முன்னர் மாட்டுவண்டி செய்து வந்த வேலையின் பெரும்பகுதியை இவை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் நோயுற்ற மாட்டின் குறியறிந்து மருந்து தருவதில் நம் குடியானவர்கள் காட்டிய கவனம், இவ்வண்டிகளின் விஷயத்தில் இன்னும் உண்டாகவில்லை.

2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறு பாரவண்டியை வெளியிட்டது. 'குட்டி யானை' என்பது மக்கள் அதற்குச் சூட்டிய பெயர். முதலில் வந்த வண்டிகளில் ஆசனத்துக்கு அடியில் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருக்கும். அளவு 702 கன சென்டிமீட்டர், வலிமை 16 குதிரைச் சக்தி. கிணற்றில் ஓடும் 5 குதிரைச் சக்தி மோட்டார்கள் மூன்றைச் சேர்த்தாற்போன்ற வலிமைதான் இது. ஏற்றத்தக்க பாரம் ஏறத்தாழ 750 கிலோ. 50 கிலோ மூட்டையானால் 15 மூட்டைகள். யானை என்ற பெயரை நம்பி 25 மூட்டை அடுக்குவோர் பலர். பழைய வண்டிகளின் பழுதுகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் எஞ்சின் சூடேறுவதைக் கவனிப்போம். பெரம்பலூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அதையே ரேடியேட்டரில் ஊற்றிவந்தால், கொதிபானையின் அடியில் படிவதுபோல் உள்ளே காரை படிகிறது, குழாய்கள் அடைபடுகின்றன. வடிநீருடன் கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. இதற்கு ஆகும் செலவு, எஞ்சின் தலைப்பகுதியைக் கழற்றிப் பழுதுபார்க்கும் கூலியில் மிகச் சிறு பங்கே. வெளியே ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சோளச் சருகும் வைக்கோல் தூசியும் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆறியபின், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தாலும், தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டாலும் சூடேறும்.

வழியில் முள் சிவப்புக்கோட்டைத் தொடுமாயின், பாரம் கெட்டுவிடும், சந்தை தவறிவிடும் என்று எண்ணி மேலும் ஓட்டலாகாது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட வேண்டும். சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். ஆறிய பின் நீர் நிரப்பி, மூடியின்றி எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். இடையறாது குமிழிகள் வந்தால், எஞ்சினின் வாயு நீருக்குள் கசிகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். எண்ணெய் பார்க்கும் கம்பியில் பால் கலந்த காப்பியின் நிறம் தெரிந்தால், எண்ணெயில் நீர் சேர்ந்துவிட்டது. அந்நிலையில் ஓரடியும் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்வதே லாபம்.

சூடேறிய எஞ்சினால் பொருள்தான் நஷ்டம். பிரேக் கெட்டால் உயிரே நஷ்டம். துறையூர்ப் பக்கத்திலிருந்து பச்சைமலைமேல் செங்காட்டுப்பட்டிக்குச் செல்லும் பாதையை அறிந்தோர் இதை உடனே உணர்வர். மலைமேல் விளையும் மரவள்ளிக் கிழங்கு அவ்வழியே வண்டிகளில் கீழே இறங்குகிறது. இறக்கம் முழுவதும் பெடலை அழுத்தியபடி வந்தால் லைனிங்கும் டிரம்மும் கனலாகிப் பிடிப்பை இழக்கின்றன. பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் தன்மையது. பல ஆண்டுகள் மாற்றப்படாத ஆயிலில் நீர் சேர்ந்து, அச்சூட்டில் ஆவியாகிவிடும். ஆவி அமுங்குமேயன்றி அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தாது. பெடல் தரைவரை போய்விடும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றிவிட வேண்டும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், எஞ்சினை அணைத்துவிடுவதும் தற்கொலைக்கு ஒப்பானவை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் நின்றுவிடும்.

பின்சக்கரத்தின் உட்புறம் ஈரக்கசிவு தெரிந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். ஆயில் குறைந்துவிட்டதென்று எஞ்சின் எண்ணெயை ஊற்றிச் சமாளித்த ஒருவரை நாம் கண்டிருக்கிறோம். மூன்றாம் நாள் ரப்பர்கள் யாவும் ஊதிப்போய், நான்கு சக்கரங்களையும் பிரிக்க நேர்ந்தது. ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் ஆறாயிரம் ரூபாய் செலவு!

காலையில் ஸ்டார்ட்டர் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லையெனில், முதலில் டீசல் பில்டரைப் பார்க்க வேண்டும். டேங்க் ஒருமுறை வற்றினால் குழாயில் காற்றுப் புகுந்துவிடும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றி, திருகை இறுக்கினால் போதும். இதற்கு மெக்கானிக் வேண்டுவதில்லை. ஸ்டார்ட்டரே சுழலவில்லையெனில் பாட்டரி முனைகளிலுள்ள பூஞ்சை போன்ற படிவை வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்குங்கள். புகையின் நிறமும் பேசும்: கறுப்பானால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், நீலமானால் எண்ணெய் எரிகிறது, எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்கவில்லையெனில் நீர் உள்ளே போகிறதா என ஐயுற வேண்டும்.

பாரம் மிகுந்தால் பட்டைகளில் ஒன்று முறியும். அதை வெல்டிங் வைத்து ஒட்டுவது வீண். வெப்பத்தால் உருக்கின் பதம் போய் அங்கேயே மீண்டும் முறியும். புதுப் பட்டை போட்டு, சில நாள் ஓடிய பின் யூ போல்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். உயரமான சிற்பம் ஏற்றும்போது படுக்கவைத்துக் கட்டுவது நலம். நிமிர்த்தி வைத்தால் வளைவில் வண்டி சாயும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. குப்பை அள்ளவும் பிற பணிக்கும் வாங்கிய வண்டிகளுக்கு ஓடிய தூரம், எண்ணெய் மாற்றிய நாள், பிரேக் பார்த்த நாள் ஆகியவற்றை எழுதும் நோட்டுப் புத்தகம் பல இடங்களில் இல்லை. ஓட்டுநர் மாறினால் வண்டியின் வரலாறும் மறைந்துவிடுகிறது. பார வண்டிகளுக்கு 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கொருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொந்தமான வண்டிகள் 15 ஆண்டுகளைக் கடந்தால் பதிவு புதுப்பிக்கப்படாது என்ற விதி 1-4-2023 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 14ஆம் ஆண்டில் நிற்கும் வண்டிக்குப் புது எஞ்சின் பொருத்தும் மதிப்பீடு கூட்டத்தில் வந்தால், கையெழுத்திடுமுன் பதிவுப் புத்தகத்தை வரவழைத்து அதன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.