நாய், பூனைகளுக்கு வரும் புற்றுநோய்

உழவு மாட்டுக்கும் கறவைப் பசுவுக்கும் நோய் கண்டால் அன்றே மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்கிறோம். ஆனால் களத்தைக் காக்கும் நாயையும், நெல் மூட்டைகளை எலியிடமிருந்து காக்கும் பூனையையும் நாம் அவ்வாறு பேணுவதில்லை. மனிதரைப் போலவே இவற்றுக்கும் புற்றுநோய் வரும் என்பதைப் பலர் அறியார்.

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், பின்புறத்தில் இரத்தம் சொட்டத் திரிந்த பெட்டை நாய் ஒன்றை வெறிநாய் என்று எண்ணி அடித்துக் கொல்ல முனைந்தனர். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, அது வெறியன்று, ஒரு வகைப் புற்றுக் கட்டி என்றார். வாரத்திற்கு ஒன்றாக ஐந்து ஊசிகள் போட்டதும் கட்டி கரைந்துவிட்டது. இன்றும் அந்நாய் ஊர்ச் சாவடியில் காவல் கிடக்கிறது.

இந்நோய் விந்தையானது. நாய்கள் இணையும்போது புற்றணுக்களே ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. 1876-ஆம் ஆண்டிலேயே நொவின்ஸ்கி என்ற ரஷ்ய நாட்டு மருத்துவர் இத்தகைய கட்டியை ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வாயிலும்கூட இது தோன்றலாம். மனிதருக்கு இது தொற்றாது. பருவ காலத்து இரத்தப்போக்கு இரண்டு மூன்று வாரங்களில் நின்றுவிடும்; அதன் பின்னும் நீடித்தால் ஐயுற வேண்டும். வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை மருத்துவர் முறையாகச் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் குணமடைகின்றன. கட்டி மறைவதற்கு முன் ஊசியை நிறுத்திவிடலாகாது.

அடுத்தது மடியில் தோன்றும் கட்டி. நாய்களில் இக்கட்டிகளுள் ஏறத்தாழப் பாதி தீங்கற்றவை. பூனைகளிலோ பெரும்பாலானவை கொடியவை. எனவே பட்டாணி அளவிலேயே காட்டி, அறுவை செய்துவிடுதல் நலம். வெள்ளைப் பூனைகளின் காது நுனியில் கடும் வெயிலால் ஆறாத புண் உண்டாகிப் புற்றாக மாறுவதும் உண்டு. அவற்றை நண்பகலில் நிழலில் இருத்துதல் வேண்டும்.

தடுக்கும் வழி யாது? குட்டி வேண்டாத பெட்டைகளுக்கு முதற் பருவத்திற்கு முன்பே கருத்தடை அறுவை செய்வித்தால் மடிப் புற்று வரும் வாய்ப்பு பெரிதும் குறையும். கருத்தடை ஊசிகளை நம்பலாகாது. அவை மடிக்கட்டியையும் கருப்பைச் சீழையும் வருவிக்கக்கூடும். மாதம் ஒருமுறை நாயின் மடி, வாய், பின்புறம் ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பதற்குப் பணச் செலவில்லை. வளரும் கட்டி, ஆறாத புண், காரணமின்றி மெலிதல், துர்நாற்றம் ஆகிய எதைக் கண்டாலும் உடனே மருத்துவரை நாடுக. மஞ்சள் பற்றும் சுண்ணாம்பும் வைத்து நாளைக் கடத்துவது வீண்.

தெரு நாய்களுக்கு உரிமையாளர் இல்லை. அவற்றுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பை 2023-ஆம் ஆண்டு விதிகள் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்துள்ளன. நாய்கள் பெருகாமல் இருப்பதோடு, இணைவதால் பரவும் புற்றும் இதனால் குறையும். ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் ஊரில் எத்தனை நாய்கள் உள்ளன என்று கணக்கெடுத்து, கால்நடை மருத்துவரைக் கலந்து, அடுத்த கூட்டத்திலேயே இதற்கு ஒரு நாள் குறிப்பார்களாக. தடியை எடுப்பதற்கு முன் மருத்துவரை அழைப்பதே ஊருக்கு அழகு.