புது வீட்டில் தொலைக்காட்சி: ஒரு சிக்கன வழி

அச்சன்புதூர்ப் பகுதியில் புது வீடு கட்டும் உழவர் பலர் கடனோடுதான் குடிபுகுகின்றனர். ஆகவே மாதந்தோறும் வரும் செலவு எதையும் கணக்கிட்டே ஏற்றல் வேண்டும். தொலைக்காட்சிக்கு மாதம் 200 ரூபாய் எனக் கொள்வோம். ஓராண்டில் அது 2,400. ஐந்தாண்டில் 12,000 ரூபாய்!

மாதக் கட்டணமில்லா வழியும் உண்டு. பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய நேரடி ஒளிபரப்பு, இன்று 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என வழங்குகிறது. கிண்ண ஆண்டெனா, பெட்டி, கம்பி ஆகியவற்றிற்கு ஒரு முறை செலவிட்டாற் போதும். 'பொதிகை' என்றிருந்து 2024-இல் பெயர் மாறிய டி.டி. தமிழ் இதில் கிடைக்கும். கட்டண அலைவரிசைகள் கிடையா. அவை வேண்டுவோர், 2007-இல் நிறுவப்பெற்ற அரசு கேபிள் டி.வி. நிறுவனத்தின் கட்டணத்தையும் பிறர் கட்டணத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்க.

கிண்ணம் பொருத்துகையில் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும்:

1. செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் உள்ளது. எனவே கிண்ணம் தென்கிழக்கை நோக்கி நன்கு நிமிர்ந்திருத்தல் வேண்டும். மேற்கு மலை மறைக்காது; அருகிலுள்ள தென்னை ஓலை மறைக்கும்.

2. ஆனி, ஆடிக் காற்றில் கிண்ணம் சிறிது திரும்பினும் படம் மறையும். காரைத் தளத்தில் திருகாணியிட்டு இறுக்குக.

3. பெருமழையில் படம் நின்றால், மழை தணியும்வரை பொறுத்திருக்க. உடனே பழுதென எண்ணிப் பணம் செலவிட வேண்டா.

ஊராட்சி உறுப்பினர்கள் புது வீட்டாருக்கு இக்கணக்கை எடுத்துரைப்பார்களாக. மிஞ்சும் பணம் கடனை அடைக்க உதவும்.