பேரணிக்குப் புறப்படும் பேத்திக்கு

கண்ணம்மா, நீ முதல் தடவையாக லண்டன் பேரணிக்குப் போகப்போவதாக உன் அம்மா சொன்னாள். தடுக்கமாட்டேன். நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டு போ.

1. நடந்ததைத் தெரிந்துகொள். 1968 மார்ச்சில் வியட்நாம் போரை எதிர்த்து இங்கே அமெரிக்கத் தூதரகத்தின் முன் பெருங்கூட்டம் திரண்டது, மோதலும் நடந்தது. அந்த ஆண்டே லண்டன் போலீஸ் ஒரு ரகசியப் பிரிவைத் தொடங்கியது. நீளமுடி, தாடி, பொய்ப்பெயர். 2008 வரை நாற்பது வருஷம் அவர்கள் எங்கள் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். பலர் சூட்டிக்கொண்டது இறந்துபோன குழந்தைகளின் பெயர்கள், பெற்றவர்களுக்கே தெரியாது. நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது.

2. சந்தேகத்தை ஊருக்குப் பரிமாறாதே. இதுதான் நான் செய்த பெரிய பிழை. எங்கள் சிறு குழுவில் ஒரு பையன் இருந்தான். நிறையக் கேள்வி கேட்பான். வீட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவான். ஒருநாள் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டே, "இவன் போலீஸாக இருப்பானோ?" என்றேன். அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் அவனுக்கு யாரும் இடம் பிடித்துவைக்கவில்லை. பிறகு அவன் வரவே இல்லை. பல வருஷம் கழித்து பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அப்போது அவன் அப்பா சிறையில் இருந்தாராம், சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். எந்த உளவாளியும் செய்யாத வேலையை என் நாக்கு செய்திருந்தது.

3. ஐயம் வந்தால் ஆதாரத்தைத் தேடு. சுற்றுச்சூழல் போராளிகளிடையே மார்க் ஸ்டோன் என்று ஏழு வருஷம் பழகியவர், உண்மையில் வேறொரு ரகசியப் பிரிவைச் சேர்ந்த மார்க் கென்னடி என்ற காவலர். 2010-இல் அவருடைய காதலி கண்ணில் வேறு பெயரில் ஒரு பாஸ்போர்ட் பட்டது. நண்பர்கள் ஊரைக் கூட்டவில்லை. பதிவேடுகளைப் பொறுமையாகப் புரட்டி உறுதி செய்துகொண்ட பிறகே, அவரை உட்காரவைத்துக் கேட்டார்கள். ஒப்புக்கொண்டார்.

4. உன்னை அவசரப்படுத்துகிறவனிடம், உடைக்கவும் எரிக்கவும் தூண்டுகிறவனிடம், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லப் பழகு. அவன் யாராக இருந்தாலும் சரி.

5. அன்பில் ஏமாந்தால் அது உன் மானக்கேடு அல்ல. பொய்ப்பெயரோடு வந்த காவலர்களை நம்பி வருஷக்கணக்கில் குடும்பம் நடத்திய பெண்கள் உண்டு. குழந்தை பெற்றவரும் உண்டு. ஏழு பெண்களிடம் 2015-இல் போலீஸே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஒதுங்கி அழாமல், ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்துகொண்டதால் கிடைத்தது அது.

6. சீருடை போட்டவரையெல்லாம் வெறுக்காதே. இனவெறியர்கள் கொன்ற ஸ்டீஃபன் லாரன்ஸின் குடும்பத்துக்காக நடந்த இயக்கத்துக்குள்ளும் உளவு புகுந்தது. அதை 2013-இல் வெளியே சொன்னவர் பீட்டர் பிரான்சிஸ், 1968-இல் தொடங்கிய அந்த ரகசியப் பிரிவிலேயே வேலை பார்த்தவர். மறு வருஷம் அரசு விசாரணை அறிவித்தது.

7. சனிக்கிழமை குளிரும், கம்பளிச் சட்டையை மறக்காதே. பிளாஸ்கில் தேநீர் ஊற்றித் தருகிறேன், இரண்டு குவளை வைத்துக்கொள். ஓரமாகத் தனியாக நிற்கிற புது ஆள் யாராவது இருந்தால், முதல் குவளையை அவருக்குக் கொடு.