பிற்பருவத்திற் றொழில் மாறல்

‘உத்தியோகம்’ என்னுஞ் சொல்லின் வரலாற்றை முதலில் நோக்குவோம். வடமொழியில் அது முயற்சி, முனைந்தெழுதல் என்னும் பொருளுடையது. பாரதத்திலே போருக்கு முன்னர் இரு திறத்தாரும் செய்த ஆயத்தங்களைக் கூறும் பகுதி உத்தியோக பருவம் எனப் பெயர் பெற்றதும் அப்பொருள் பற்றியே. யாழ்ப்பாணத்துக்கு வந்த பின்னர் அச்சொல் சுருங்கிவிட்டது. விடியுமுன் எழுந்து துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவனை உத்தியோகமில்லாதவன் என்றே ஊர் சொல்லிற்று. மேசைக்கு முன்னே கதிரையில் அமர்ந்து அரசினரிடம் மாதச் சம்பளம் வாங்கியவனே உத்தியோகத்தன். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பழமொழியும் எழுந்தது. முயற்சியைக் குறித்த சொல் இருக்கையைக் குறிப்பதாயிற்று என ஒருவர் நகையாடினால் நாம் மறுத்துரைக்கமாட்டோம்.

அவ்விருக்கை நாற்பத்தைந்து, ஐம்பது வயதிற் பறிபோகுமாயின் ஒருவன் என் செய்வான் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். இளைஞர் வேலையின்மை பற்றிப் பேசாத மேடையில்லை. அதற்குத் திட்டங்களும் உள, கண்ணீர் விடுவாரும் உளர். பாதி வழியில் வேலையிழந்த குடும்பத் தலைவனைப் பற்றிப் பேசுவார் அரியர். அவனும் பேசுவதில்லை. கல்லூரியின் பழைய மாணவருள் அத்தகையோர் இக்காலத்தில் ஒருவர் இருவர் அல்லர் என்பதனால் விழா மலர் ஒன்றில் இதனை எழுதுவது பொருந்தாதென்று எவருங் கருதமாட்டார் என நம்புகின்றோம்.

யாழ்ப்பாணத்தார் உத்தியோகத்தை இத்துணை பற்றிக்கொண்டமைக்குச் சோம்பல் காரணமன்று. ஆறில்லாத நாடு, சுண்ணக்கற்பாறையின் மேல் மெல்லிய மண், பரப்புக் கணக்கிற் பங்கிடப்பட்டுச் சிறுத்துப்போன காணி. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி தோன்றியது முதல் ஆங்கிலக் கல்வி இங்கே பரவியது. நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் புகையிரதப் பகுதியும் கந்தோர்களும் நம்மவரை அழைத்தன. காணி தராததைக் கடதாசி தந்தது. அதனை நம்பியே வீடுகள் எழுந்தன; பெண்மக்களுக்குச் சீதனமும் பேசப்பட்டது.

1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நிறைவேறிய 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் அந்நம்பிக்கையை முதலில் அசைத்தது. பத்து, இருபது ஆண்டு சேவை செய்த தமிழ் எழுதுவினைஞர், தாம் வேலையிற் சேர்ந்தபோது எவருங் கேளாத ஒரு மொழியிற் பரீட்சை எழுதவேண்டியவராயினர்; தேறாதார்க்குச் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. எழுதித் தேறினாரும் உளர். காலத்துக்கு முன்னரே இளைப்பாறி ஊர் திரும்பினாரும் உளர். கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் மூன்றாவது வழியைக் கைக்கொண்டார். பரீட்சைக்குத் தோன்றாமையால் 1962இற் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்ட அவர் அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். 1964இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்குரியவர்மேல் வழக்கிட முடியாதென்று அதனை மாற்றிற்று. 1969இல் இலண்டனிலிருந்த கோமறைக்கழகம், வழக்கிட உரிமை உண்டென்று முடிவு செய்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவைத் தான் தீர்க்காது மீண்டும் இந்நாட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஆக, ஒருவர் தம் நடுவயதின் ஏழாண்டுகளை வழக்கிற் செலவிட்டு, கேட்க உரிமையுண்டு என்பதை நாட்டினார். சட்ட நூல்களில் அவர் பெயர் நிலைத்தது. அதனைச் சிறிதென்று நாம் கருதோம்.

காலத்துக்கு முன் ஊர் திரும்பியவருட் பலர் மண்ணை நாடினர். அவர்களுக்குக் காலமும் சிறிது கைகொடுத்தது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, குடாநாட்டுச் செம்மண்ணிலும் கிளிநொச்சிப் பக்கத்துப் புதுக்காணிகளிலும் விளைந்தவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் இடத்தைப் பிடித்தது. கந்தோர்க் கணக்கு எழுதிய கை தோட்டக் கணக்கும் எழுதிற்று. உரத்துக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு எனக் கொப்பியிற் பதிந்து செய்கை பண்ணியவர்கள் தழைத்தனர். பழைய தொழிலின் நல்ல பகுதி புதிய தொழிலினுள்ளே புகுந்து உதவிய இடம் அது. ஆயினும் 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை சரிந்தது. ஒருமுறை மாறியவன் இரண்டாம் முறையும் மாறவேண்டியவனானான். தொழில் மாற்றம் ஒரு பாலம், கடந்தால் முடிந்தது என்று எண்ணுவோர் இவ்விடத்தை நின்று நோக்குக.

அடுத்த அடி இன்னும் கொடிது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி நாற்பதாண்டு புகை கக்கியது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது அது நின்றது. சுற்றியிருந்த ஊர்களும் பெயர்ந்தன. வேலையும் வீடும் ஒருங்கே போன நிலை அது. அத்தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பின்னாளிற் கற்பித்த ஆசிரியராகிய நாம் ஒன்றைக் கண்டோம். ஒட்டுவேலை அறிந்தவரும், மின்கம்பி பொருத்துவோரும், இயந்திரம் பிரித்துப் பூட்டுவோரும் சென்றவிடமெங்கும் ஏதோவொரு வேலை பெற்றனர். தண்ணீர்ப் பம்பியும் மிதிவண்டியும் இல்லாத ஊர் ஏது? சூளையின் வெப்பத்தை நிறத்தாலேயே கணிக்கவல்ல பழுத்த தொழிலாளியோ, அச்சூளை இல்லாத இடத்தில் வெறுங்கையனாய் நின்றார். தாழ்ந்ததென எண்ணப்பட்ட கைத்திறன் வழிநடந்தது. உயர்ந்ததென எண்ணப்பட்ட தனித்திறன் ஆலையோடு கிடந்துவிட்டது. எழுதுவினைஞர் இவ்விருவர்க்கும் இடையில் நின்றனர். மனு எழுதவும் கூட்டுறவுச் சங்கக் கணக்குப் பார்க்கவும் ஆங்காங்கே இடம் கிடைத்தது.

மயிலிட்டித் துறையிலிருந்து அதே யூனிற் பெயர்ந்த மீனவர் கதை தனியே எழுதற்குரியது. அத்துறைமுகம் 2017 யூலையிலேதான் மக்களிடம் மீண்டது. இருபத்தைந்து வயதிற் படகை விட்டுப் புறப்பட்டவன் ஐம்பத்திரண்டு வயதிற் கரைக்கு வந்தான். இடையிலே கல்லரிந்தும் கூலிக்குச் சென்றும் பிழைத்த அவனுக்குக் கடல் மீண்டும் புதிய தொழிலாயிற்று.

வேலையிழப்பு வயிற்றை மட்டும் தாக்குவதன்று. ஒஸ்திரியாவில், வியன்னா நகரத்துக்கு அண்மையில், மரியென்தால் என்னும் சிற்றூர் உண்டு. 1930ஆம் ஆண்டளவில் அங்கிருந்த நெசவாலை மூடப்பட ஊரார் ஏறக்குறைய அனைவரும் வேலையிழந்தனர். மரி யகோடா, போல் லாசஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் ஆய்வாளர்கள் அவ்வூரை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர். அதில் ஒரு செய்தி தமிழாசிரியராகிய நம்மை உறுத்துவது. வேலையில்லாதவர்க்கு நேரம் மிகுந்திருந்தும், ஊர் நூல்நிலையத்தில் நூல் இரவல் பெறுவது கூடவில்லை, குறைந்தது! தெருவில் நடந்தவர்களின் வேகத்தை அளந்தபோது ஆடவர் மெல்ல நடந்து இடையிடையே நின்றனர். பெண்டிர் விரைந்து நடந்தனர். பெண்களுக்குச் சமையலும் பிள்ளைகளும் நாளை அளந்து கொடுத்தன. ஆடவர்க்கு ஆலைச் சங்கே நாளை அளந்தது. அது ஓய்ந்ததும் நேரம் ஓய்வாகாமல் வெறுமையாயிற்று.

இதனை நம்மூரிலும் காணலாம். வேலை போன ஆடவன் முதலிற் கல்யாண வீட்டுக்குப் போவதைக் குறைக்கின்றான். அங்கே ‘இப்ப எங்கே வேலை?’ என்று ஒருவர் கேட்பார். பின் கோயில் திருவிழாவுக்கும் உச்சிக்காலம் கழிந்தே போகின்றான். மனைவி காப்பை ஈடு வைத்துப் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் காலையில் வெளுத்த சட்டையணிந்து வெளிக்கிட்டு மாலையில் திரும்புகின்றான். வேலை போனது வீட்டுக்கே தெரியாது. இவ்வாறு மாதக்கணக்காக மறைத்தாரை நாம் அறிவோம். மறைத்த காலத்திற் பட்ட கடனே பின்னர் அவர்களை வருத்தியது. வீட்டாரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுதல் மானக்கேடன்று. எத்தனையோ வீடுகளில் வரும்படிக்கு வழி கண்டவள் மனைவியே. தையலும், கோழியும், தோசைமாவும் குடும்பத்தைத் தாங்கியிருக்கின்றன. அதனை ஏற்க மாட்டாத ஆடவரின் வீம்பை நாம் பொறுத்துக்கொள்ளவியலாது.

தொழில் மாறுதல் எப்போது தொடங்கவேண்டும் என்பதற்கு நம் நாட்டவர் ஒருவரின் வாழ்வு தக்க பாடமாகும். சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பதிப்பாசிரியர் என்றே மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அவர் மாறிய தொழில்களை எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பாயில் ஆசிரியர், சென்னையிற் பத்திரிகாசிரியர், 1857இல் நிகழ்ந்த சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி. ஏ. பரீட்சையிற் றேறியவர், பின்னர் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகத்தர். அக்கதிரையில் இருந்துகொண்டே 1871இற் சட்டப் பரீட்சையிற் றேறினார். அப்போது வயது முப்பத்தொன்பது. உத்தியோகம் அவரை விட்டபின் சட்டத்தைத் தேடினாரல்லர். ஆதலால் இளைப்பாறியதும் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், பின் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்க முடிந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும் கலித்தொகை 1887இலும் அவர் கையால் அச்சேறின. ஐம்பதைக் கடந்தபின் செய்த பணிகள் இவை. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கும் பொறுமைக்குக் கணக்குப் பகுதி ஒரு பயிற்சியாயிற்றோ என்று நாம் எண்ணுவதுண்டு.

ஆனால் அவருக்கு ஆங்கிலமும் உபகாரச் சம்பளமும் இருந்தன. அவ்வாழ்வைக் காட்டி, சீட்டுக்காசு கட்ட வழியில்லாதவனுக்குப் புத்தி சொல்வது முறையன்று. அவனுக்கு வேண்டியது சட்டமும் சான்றிதழும் பற்றிய தெளிவு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியரை வைத்திருக்கும் தனியார் முதலாளி ஒருவர், ஒழுக்கக்குற்றம் ஒழிந்த காரணத்துக்காக நூற்றெண்பது நாட் சேவையுடைய ஊழியனை நீக்குவதற்கு, அவனது எழுத்து மூலமான சம்மதமேனும் தொழில் ஆணையாளரின் அனுமதியேனும் வேண்டும். சம்மதக் கடிதத்தில் அவசரத்திற் கையொப்பமிட்டோர் பலர். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், அத்தகைய இடத்தில் ஐந்தாண்டு சேவை முடித்து மாதச் சம்பளம் பெற்றவனுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்கவேண்டும் என்கின்றது. ஊழியர் சேமலாப நிதியோ, சில விதிவிலக்குகள் ஒழிய, ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலுமே கைக்கு வரும். ஆகவே 48இல் வேலையிழந்த ஆடவன் ஏழாண்டுகளுக்கு அதனை நம்பிக் கடன்படலாகாது. பணிக்கொடை வந்த மறுநாளே கடை திறப்பதும் வான் வாங்குவதும் நம்மவர் வழக்கம். ஓராண்டுச் சீவனத்துக்கு உரியதை வேறாக வைத்தபின் கடையைப் பற்றி எண்ணலாம்.

அரச ஊழியரும் இனி அசையாத பாறைமேல் நிற்பவரல்லர். இளைப்பாறும் வயது 2022இன் தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே 60 ஆகக் குறைக்கப்பட்டது. இன்னும் ஐந்தாண்டு உண்டென்று கடன் எடுத்திருந்தோர் 2022 டிசம்பர் 31இல் வீட்டுக்கு வந்தனர்.

கல்விச் சான்றில்லாத கைத்தொழிலாளர்க்கு இப்பொழுது ஒரு வாயில் திறந்துள்ளது. நம்மவர் அதனைப் போதிய அளவு அறியவில்லை. தேசிய தொழிற்றகைமை முறையில், வகுப்பில் இருந்து படியாதவனும், முன்னரே செய்து பெற்ற அனுபவத்தை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். முப்பதாண்டு மேசன் வேலை செய்தவர் அதனைத் தாளிற் காட்ட இயலாமையாற் குறைந்த கூலிக்கு இசைகின்றார். ஐம்பது வயதிற் பரீட்சையா என்று கூசுவாரை அழைத்துச் செல்லவும், விண்ணப்பம் நிரப்பவும் ஒருவர் துணை வேண்டும். அவ்வளவே.

பழைய மாணவர் சங்கத்தார் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இடப்பெயர்வுகளில் சான்றிதழ்கள் தொலைந்தவர் நம்முள் மிகப் பலர். ‘எட்டாம் வகுப்பு வரை படித்தேன்’ என்பதற்குக்கூட எழுத்தில்லாமல் காவலாளி வேலைக்கு நிற்கின்றனர். கல்லூரியின் சேர்வு இடாப்புகளுள் எஞ்சியவற்றை ஆண்டுவாரியாக ஒழுங்குபடுத்திப் பெயரட்டவணை செய்தால், கேட்டு வருபவனுக்கு விடுகைப் பத்திரத்தின் பிரதியை ஒரு நாளிற் கொடுக்கலாம். இளைப்பாறிய எழுதுவினைஞர் சங்கத்திற் பலர் இருக்கின்றனர், கையெழுத்தும் நன்றாயிருக்கும். சனிக்கிழமை தோறும் முற்பகல் இரண்டு மணி நேரம் அவர்கள் வருவாராயின், மங்கிய பழைய எழுத்துக்களைப் படித்துச் சொல்ல நாமும் உடனிருப்போம்.