அந்தாதி மாலை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் விளங்குகின்றது. காஞ்சியிற் பிறந்த பொய்கையாழ்வார், கடல்மல்லையிற் பிறந்த பூதத்தாழ்வார், மயிலையிற் பிறந்த பேயாழ்வார் ஆகிய மூவரும், மழை பொழிந்த ஓர் இரவில் அவ்வூர் இடைகழி ஒன்றில் ஒதுங்கினர் என்பது வைணவ மரபு. மூவர் நிற்பதற்கே இடங்கொண்ட அவ்விடைகழியில், நான்காமவர் ஒருவர் வந்து நெருக்குவதை அவர்கள் உணர்ந்தனர். அவரைக் காணும் பொருட்டுப் பொய்கையார் உலகை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனைச் சுடராகவும் கொண்டு பாவிளக்கு ஏற்றினார். பூதத்தார் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், சிந்தையைத் திரியாகவும் கொண்டார். முன்னது புறவிருளை நீக்கியது. பின்னது அகவிருளை நீக்கியது. பேயார் திருமாலைக் கண்டு பாடினார்.

மூவரும் நூறு நூறு வெண்பாக்களால் அந்தாதி பாடினர். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வருவது அந்தாதி. இறுதிப் பாட்டின் ஈறு முதற்பாட்டின் தொடக்கத்தோடு கூடுதல் மண்டலித்தல் எனப்படும். பூதத்தாரின் நூல் அன்பு என்னும் சொல்லில் தொடங்கி, அச்சொல்லிலேயே முடிகின்றது.

எபிரேய மொழிப் பத்திப் பாடல்களிலும் இத்தகைய தொடை நயம் உண்டு. 119ஆம் சங்கீதம், அம்மொழியின் 22 எழுத்துகளையும் முறையே முதலாகக் கொண்டு, எழுத்துக்கு எட்டாக 176 வசனங்களால் அமைந்தது. அது முதலெழுத்திலிருந்து இறுதியெழுத்து வரை செல்லும் நெடுவழி. அந்தாதியோ தொடங்கிய இடத்திற்கே மீளும் மாலை.

செய்யுளின் கட்டுக்கோப்பு வெறும் அணியன்று. அன்பிற்கு முடிவில்லை என்பதைச் சொல்லாமற் சொல்லுவதும் அதுவே.